தொட்டியில் குறைவது தண்ணீர்தான், உப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் குறைவு. அதனால் ஆர்வத்தோடு உட்கார்ந்து படித்தேன். தொட்டியின் அளவு, விளக்கு, மீன்களின் குணம் எல்லாம் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பராமரிப்புப் பகுதியில் ஒரு வரி: "நீர்மட்டம் குறையும்போது கடல்நீரையோ உப்புக் கரைசலையோ ஊற்றி நிரப்ப வேண்டும்." இதை நம்பி நாலு வீடுகளில் செய்தாலும் அங்கே இருக்கும் உயிர்கள் பிழைக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொளத்தூரில் இருந்துகொண்டு சென்னை முழுக்க மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். மருத்துவமனைகள், துணிக்கடைகள், அடுக்குமாடி வீடுகள் என்று போய்வருவேன். பிறந்தது தூத்துக்குடியில், அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் விட்ட நீரை வெயில் குடித்துக்கொண்டே போகும், உப்பு அங்கேயே தங்கும். நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று கண்ணாடி மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார் அப்பா. இந்த டிகிரி சூட்டின் அளவு இல்லை, நீரின் அடர்த்தி அளவு. 25 டிகிரியை எட்டினால் உப்பு விளையத் தொடங்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்த விஷயம். வீட்டுத் தொட்டியிலும் நடப்பது இதேதான். ஆவியாகிப் போவது வெறும் நீர். அதில் கரைந்திருந்த உப்பில் ஒரு சிட்டிகைகூட அதோடு போவதில்லை. ஆகவே அந்த இடத்தை நிரப்ப ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல தண்ணீர்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 200 லிட்டர் தொட்டி என்றால் உள்ளே 7 கிலோ. சென்னைக் கோடையில், மேல்மூடி இல்லாமல், மின்விசிறியும் வைத்த தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாவது சாதாரணம். கட்டுரை சொன்னபடி அந்த 3 லிட்டரையும் கடல்நீராகவே ஊற்றினால் நாளுக்கு 105 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது. ஒரு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல். நீர்மட்டம் கோட்டில் அழகாக நிற்கும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 50-ஐத் தாண்டியிருக்கும். உலகின் மிக உப்பான கடல்களில் ஒன்றான செங்கடலிலேயே 40 அல்லது அதற்குச் சற்று மேல்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கோமாளி மீன் ஜோடி, இரண்டு இறால், ஒரு நட்சத்திர மீன் என்று அழகான தொட்டி இருந்தது. அமைத்துக் கொடுத்த கடைக்காரர் கடல்நீர் கேன்களைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, "குறையக் குறைய இதை ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் அதை ஒருநாள்கூடத் தவறாமல் செய்திருக்கிறது. முதலில் நட்சத்திர மீன் கைகள் சுருண்டு உதிர்ந்தது, அப்புறம் இறால்கள். என்னைக் கூப்பிட்டபோது மீன்கள் மட்டும் மூலையில் நின்று வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. உப்பைப் பார்த்தேன், மானியில் இருக்கும் அளவுகோலின் உச்சிக்கே போய்விட்டது. "அண்ணா, நான் அளவாகத்தானே ஊற்றினேன்" என்று அந்தப் பெண் கண்கலங்கியது. அது சொன்னதில் பொய்யே இல்லை. சொல்லிக்கொடுத்தது தப்பு.

ஏன் அந்த வரிசையில் செத்தன என்பதையும் சொல்ல வேண்டும். கடல் மீனின் உடலில் இருக்கும் உப்பு கடல்நீரைவிடக் குறைவு. அதனால் அது ஓயாமல் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். நீரில் உப்பு ஏற ஏற அந்த வேலை கூடும், ஆனாலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். நட்சத்திர மீனுக்கும் கடல் சாமந்திக்கும் அந்த ஏற்பாடே கிடையாது. வெளியே நீர் எப்படியோ உள்ளேயும் அப்படியே. அதனால் முதலில் போவது அவைதான். தொட்டியில் நட்சத்திர மீன் சுருண்டால் நோய் மருந்து வாங்க ஓடாதீர்கள், முதலில் உப்பைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உப்பு ஏறிவிட்டது என்று தெரிந்ததும் பதறிப்போய் வாளி வாளியாக நல்ல தண்ணீரைக் கொட்டக் கூடாது. ஏறும்போது பட்ட பாட்டைவிடத் திடீரென்று இறங்கும்போது படும் பாடு அதிகம். தொட்டி நீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் சேர்த்து, நாளுக்கு லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் குறைகிற மாதிரிப் படிப்படியாக இறக்க வேண்டும். அந்த மருத்துவமனையில் அப்படித்தான் செய்தோம், கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்தன.

சரி, நல்ல தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? சென்னையில் இதுதான் பெரிய கேள்வி. போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மற்றதும் நிறைய. வாளியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். குடிநீர் வாரியக் குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டால் குளோரின் போய்விடும், ஆனால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்றவை போகாது. கண்ணாடியில் பழுப்புப் பாசி அப்புவதற்கும் பச்சை முடி போலப் பாசி தொங்குவதற்கும் இவைதான் தீனி. லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது லாரிக்காரருக்கே நிச்சயமில்லை.

இதிலும் அதே விதிதான் வேலை செய்கிறது. நீர் போகும், கரைந்திருப்பது தங்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள் உள்ள கிணற்றுத் தண்ணீரை நாளுக்கு 3 லிட்டர் ஊற்றினால் ஒரு வருடத்தில் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாத பொருள் தொட்டியில் சேர்ந்துவிடும். ஆகவே மெம்பிரேன் என்னும் சவ்வில் அழுத்தி வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. ஆனால் வீட்டுச் சமையலறை ஆர்.ஓ. எந்திரத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்று, சுத்திகரித்த நீரோடு மெம்பிரேனில் போகாத நீரையும் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று பல எந்திரங்களில் உண்டு. சிலவற்றில் மினரல் சேர்க்கும் குப்பியும் இருக்கும். குழாயில் பிடித்தால் அதெல்லாம் சேர்ந்துதான் வரும். சர்வீஸ் செய்ய வருகிறவரிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து நேராக வெளியே வரும் குழாயில் ஒரு தனி இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள். நீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் அதிக விலை இல்லை, ஒன்று வாங்கி வையுங்கள். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். நுட்பமான உயிர்கள் இருந்தால், ஆர்.ஓ.வுக்கு அப்புறம், மிஞ்சிய கரைபொருளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்து, மீட்டர் பூஜ்யம் காட்டுகிற நீரை ஊற்றுவது நல்லது.

இரண்டு தண்ணீரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்வேன். ஒன்று, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர். வடித்த நீர் மாதிரிதானே, வீணாக்குவானேன் என்று நிறையப் பேர் பிடித்து வைக்கிறார்கள். அது ஏ.சி.க்குள் செப்புக் குழாய்களின் மேல் படிந்து, தூசியோடு வழிந்து வருவது. இரண்டாவது, உடம்புக்கு நல்லது என்று செப்புக்குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர். நமக்கு எப்படியோ, இறாலுக்கும் சாமந்திக்கும் நத்தைக்கும் செம்பு விஷம். மிகச் சிறிய அளவே போதும், முடித்துவிடும். ஆவியான அளவை நிரப்ப ஊற்றுவதை டாப்-அப் என்போம். டாப்-அப் நீருக்கென்று உணவுக்கேற்ற பிளாஸ்டிக் கேன் ஒன்றைத் தனியாக வைத்து, அதை வேறெதற்கும் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

எப்படி ஊற்றுவது என்பதற்கு வருகிறேன். தினமும், கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் முழுக்கக் குறையவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 20 லிட்டர் கேனைக் கவிழ்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். அந்த ஒரு வாரத்தில் 200 லிட்டர் தொட்டியின் உப்பு 35-லிருந்து 39-க்கு ஏறி, ஒரே நிமிடத்தில் திரும்ப இறங்குகிறது. வாராவாரம் இப்படி ஏறி இறங்கினால் எந்த உயிருக்கும் நிம்மதி இருக்காது.

கீழே சம்ப், அதாவது நீர் வழிந்து வந்து வடிகட்டப்பட்டுத் திரும்ப மேலே போகும் சின்னத் தொட்டி, வைத்திருந்தால் மேல் தொட்டியில் மட்டம் குறையவே குறையாது. ஆவியானது எல்லாம் சம்பில், திரும்ப ஏற்றும் பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பம்ப் ஓடும்போது மட்டும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கரண்ட் போனால் மேலே உள்ள நீர் கொஞ்சம் இறங்கி சம்ப் நிரம்பியது போலத் தோன்றும், அந்த நேரத்து மட்டத்தை நம்பக் கூடாது.

வெளியூர் போகிறவர்களுக்கு மிதவை வால்வோ சென்சாரோ வைத்த தானியங்கி ஏற்பாடு உதவும். ஆனால் அதை மொட்டைமாடித் தொட்டிக் குழாயோடு நேராக இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். மிதவையில் ஒரு நத்தை உட்கார்ந்துவிட்டால் போதும், வால்வு மூடாது. மாடித் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும், வீடும் நனையும். 200 லிட்டர் தொட்டிக்குப் பக்கத்தில் 10 லிட்டர் கேன் ஒன்றை மட்டும் வையுங்கள். கோளாறாகி அந்த 10 லிட்டரும் ஒரே நேரத்தில் உள்ளே போனாலும் உப்பு 33-க்குத்தான் இறங்கும், ஆபத்தில்லை. குழாயின் நுனி தொட்டி நீருக்குள் மூழ்காமல் மேலேயே இருக்க வேண்டும். மூழ்கியிருந்தால் பம்ப் நின்ற பிறகும் சைஃபன் பிடித்து ஓடிக்கொண்டே இருக்கும்.

கோடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் மீன்களுக்கு 25-லிருந்து 27 டிகிரி வெப்பம் தோது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரம் வாங்க முடியாதவர்கள் நீரின் மேல் மின்விசிறி வைப்பார்கள். அது நல்ல யோசனைதான், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் அந்தக் குளிர்ச்சி வருவதே நீர் ஆவியாவதால்தான். விசிறி ஓட ஓட டாப்-அப் தேவையும் கூடும். விசிறியைப் போட்டுவிட்டு மட்டத்தைப் பார்க்காமல் இருந்தால் சூட்டிலிருந்து காப்பாற்றி உப்பில் கொன்றதாகிவிடும்.

அப்புறம், டாப்-அப் செய்தாலே தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை. இது கட்டுரையில் இல்லை, ஆனால் வீடுகளில் பரவலாக இருக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகும். கல்லிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதுவரை மீன் விடக் கூடாது. கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால் நல்ல தண்ணீர்த் தொட்டியைவிட இங்கே அமோனியாவின் விஷம் கடுமையாக வேலை செய்யும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டும் உப்பைப் போலத்தான், ஆவியாகாது. எத்தனை கேன் ஊற்றி நிரப்பினாலும் அது உள்ளேயே இருக்கும். அதை வெளியேற்ற, பழைய நீரை எடுத்துவிட்டுப் புது உப்புநீரை விட வேண்டும். வாட்டர் சேஞ்ச் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இந்த வேலைக்குத்தான் உப்புநீர் தேவை. கட்டுரை எழுதியவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10-லிருந்து 15 சதவீதம் மாற்றினால் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் போதும். வரிசை முக்கியம்: முதலில் டாப்-அப் செய்து மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, உப்பை அளந்து, அதற்கு அப்புறம்தான் மாற்ற வேண்டும். குறைந்த மட்டத்தில் அளந்தால் தப்பான எண் கிடைக்கும். புது நீரை அன்றே கரைத்து அன்றே ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. நீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்ன பம்ப் ஒன்றை ஓடவிட்டு, ஒரு இரவு கழித்து அளந்து பாருங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றினால் சுண்ணாம்பு பிரிந்து பால் போல வெளுத்துவிடும்.

"தூத்துக்குடிக்காரர்தானே, உங்கள் ஊர்க் கல்லுப்பைப் போட்டால் ஆகாதா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆகாது. உப்பளத்தில் நீர் முற்றும்போது ஜிப்சம் முன்னாலேயே படிந்துவிடும், சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு அங்கேயே நின்றுபோகும். உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள், மக்னீசியம் அதோடு போய்விடும். கையில் வாருவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். சமையலுக்கு அது போதும், கடலுக்குப் போதாது. மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையில்தான் எல்லாம் சேர்ந்திருக்கும்.

கடற்கரையில் மொண்டுவரும் நீரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கூவமும் அடையாறும் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து நீரை எடுக்கவே கூடாது. 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடியும் சமயத்தில் கரையோர நீரின் உப்பும் குறைந்துபோகும். கடலிலிருந்து எடுத்ததாயிற்றே, சரியாகத்தான் இருக்கும் என்று அளக்காமல் ஊற்ற முடியாது.

உப்பை அளப்பதற்கு முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறும். ஒரு சொட்டு நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், 35 என்று அளவு குறித்த சோதனைத் திரவத்தால் அவ்வப்போது சரிபாருங்கள். நல்ல தண்ணீரை 1 என்று வைத்துப் பார்க்கும் அடர்த்தி எண் 1.025, 1.026 பக்கம் நின்றால் நிம்மதி. தொட்டியின் விளிம்பில் பூக்கும் உப்பாலும் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவி தள்ளும் நுரையாலும் சிறிது உப்பு வெளியேறும் என்பதால், சரியாக டாப்-அப் செய்பவர்களும் வாரம் ஒருமுறை அளக்கத்தான் வேண்டும்.

கட்டுரையோடு வந்த படத்தில் பவளக் கிளைகள் இருந்தன. அதைப் பார்த்துக் கடைகளில் போய்க் கேட்பார்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். நம் கடலில் பவளம் எடுப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல்குதிரையும் அப்படியே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது இன்றும் வலிக்கும் விஷயம். அழகுக்குப் பீங்கானிலும் பிசினிலும் செய்த செயற்கைப் பவளம் கிடைக்கிறது. கோமாளி மீனிலும் பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியிருக்கும், பவளப்பாறையிலிருந்து பிடித்துவந்த மீனைவிட எளிதில் பிழைக்கும்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு கடல்நீர்த் தொட்டி விற்கும்போது, உப்பு மூட்டையோடு ஒரு ரிஃப்ராக்டோமீட்டரையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தத் தண்ணீரை எதற்கு ஊற்ற வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலான இடங்களில் தண்ணீர் ஊற்றுவது தொட்டி வாங்கியவர் இல்லை, வேலைக்கு இருக்கும் ஒரு தம்பியோ தங்கச்சியோதான். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை.

ஆசிரியர் அவர்களே, தயவுசெய்து அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே இணைப்பில் கண்ணில் படும்படி போடுங்கள். வருகிற ஞாயிறே வந்தால் நல்லது. அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, தொட்டிகளில் தண்ணீர் வேகமாகக் குறைகிற நாட்கள் இவை. உங்கள் கட்டுரையைப் படித்தவர்கள் இப்போதே கேனோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
மீன் தொட்டிப் பராமரிப்பாளர் ஒருவர்,
கொளத்தூர், சென்னை.